யாருடைய குஞ்சு?

கோழிக் குஞ்சை அறியாத தமிழ் இல்லம் இல்லை. பருந்தின் நிழலைக் கண்டதும் தாயின் சிறகடியில் ஒடுங்கும் அக்குஞ்சினை நாம் சிறு பருவம் முதற்கொண்டே கண்டு வருகிறோம். ஆனால் வாத்துக் குஞ்சு, அதிலும் எவரும் வளர்க்காத காட்டு வாத்தின் குஞ்சு, நம்மிற் பலருக்குப் புதியது. ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ அது தனித்து நின்று கத்துவதைக் கண்டால் மனம் இளகுகிறது. உடனே கையில் எடுத்து விடுகிறோம். எடுத்த பின்னர்தான், 'இனி இதனை என்ன செய்வது?' என்று எண்ணுகிறோம்.

எடுப்பதற்கு முன்னரே கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. 'இது யாருடைய குஞ்சு?' என்பதே அவ்வினா. இதற்கு விடை கண்டுவிட்டால், அதனை எடுக்க வேண்டுமா, விடவேண்டுமா, வளர்க்க வேண்டுமா என்ற மற்ற வினாக்களுக்கும் விடை கிடைத்துவிடும். விலங்கியல் முதுகலை பயிலும் மாணவன் என்ற முறையிலும், நீர்ப்பறவைகள் நிறைந்த ஓர் ஊரில் வாழ்பவன் என்ற முறையிலும், நான் கற்றதையும் கண்டதையும் நம் சங்கத்து நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர்

எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி நாயுடுபேட்டையில் குடியேறியது. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுள் சேர்ந்தது. திருக்காளத்தியில் நம் முன்னோர் பொன்முகலி என்று அழைத்த ஆறுதான் சுவர்ணமுகி என்னும் பெயருடன் எங்கள் ஊரை ஒட்டி ஓடிக் கடலை நாடுகிறது. ஊரைச் சுற்றி ஏரிகளும் நெல் வயல்களும் உள்ளன. தெற்கே சூலூர்ப்பேட்டை செல்லும் வழியில், தொரவாரிசத்திரத்தை அடுத்து, நேலபட்டுப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1976-இல் அமைந்த அச்சரணாலயம் சுமார் 459 ஹெக்டேர் பரப்புடையது. நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் காட்சி காணத்தக்கது. அதற்கும் கிழக்கே பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெருமை அதற்கே உரியது.

இத்தகைய ஊரில் 'வாத்து' என்ற சொல்லே இரு நிறம் காட்டும். தெலுங்கர் அதனைப் 'பாத்து' என்பர். நாம் 'வாத்து' என்கிறோம். பகரமும் வகரமும் அண்டை வீட்டாராய் வாழும் எல்லை எங்கள் ஊர். ஆனால் இரு மொழியாரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வளர்ப்பு வாத்து வேறு. காட்டு வாத்து வேறு. 'வாத்துக் குஞ்சு' என்ற ஒரே பெயரால் இரண்டையும் அழைப்பதனாலேயே குஞ்சுகள் பல வீணே இறக்கின்றன.

முதற் சோதனை: வாத்துதானா?

நீரோரத்தில் காணும் பஞ்சு போன்ற குஞ்சுகள் எல்லாம் வாத்துக் குஞ்சுகள் அல்ல. முதலில் காலைப் பாருங்கள். வாத்துக் குஞ்சின் முன்விரல்கள் மூன்றையும் ஒரு மெல்லிய தோல் இணைத்திருக்கும். பின்விரல் சிறிதாய்த் தனித்து நிற்கும். அடுத்து அலகைப் பாருங்கள். அது தட்டையாய், நுனியில் நகம் போன்ற சிறு முனையுடன் இருக்கும். இவ்விரண்டும் ஒருங்கே இருந்தால் அது வாத்துக் குலத்தைச் சேர்ந்தது.

உடல் முழுதும் கறுத்து, விரல்கள் நீண்டு, விரல்களுக்கிடையே தோல் இல்லையானால் அது கானாங்கோழியாகவோ தாழைக்கோழியாகவோ இருக்கலாம். தாழைக்கோழிக் குஞ்சின் அலகு சிவந்திருக்கும். தலையில் செம்மை படர்ந்து வழுக்கை போலத் தோன்றினால் நாமக்கோழியின் குஞ்சு என்று கொள்ளலாம். தலையிலும் கழுத்திலும் வரி வரியாகக் கோடுகள் ஓட, அலகு கூர்மையாய் இருந்தால் அது முக்குளிப்பான். அதன் விரல்களை ஒரே தோல் இணைப்பதில்லை. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் தனித்தனி மடல் இருக்கும். நீண்ட காலும் புள்ளியிட்ட முதுகும் உடைய குஞ்சு ஆட்காட்டியினுடையது. அது நீந்தி வாழும் பறவையே அன்று.

இச்சோதனையை விளையாட்டு என்று எண்ணற்க. முக்குளிப்பானின் குஞ்சு தாயின் முதுகில் ஏறிச் சவாரி செய்து, தாய் ஊட்டுவதை உண்டு வளர்வது. வாத்துக் குஞ்சோ பிறந்த மறுநாளே தானாக இரை தேடுவது. ஒன்றுக்குச் செய்யும் பணிவிடை மற்றொன்றுக்குப் பயன்படாது.

இரண்டாம் சோதனை: வீட்டு வாத்தா, காட்டு வாத்தா?

மஞ்சள் நிறக் குஞ்சு கிடைத்தால் பெரும்பாலும் ஐயத்திற்கு இடமில்லை. அது வளர்ப்பு வாத்தின் குஞ்சுதான். வேலி தாண்டி வந்திருக்கும். அக்கம் பக்கம் விசாரித்து உரியவரிடம் சேர்ப்பித்தால் போதும். ஆனால் வளர்ப்பு வாத்துகள் அனைத்தும் மஞ்சள் குஞ்சு பொரிப்பதில்லை. காக்கி கேம்பல் என்னும் இனத்தின் குஞ்சு பழுப்பு நிறமுடையது. நாட்டு வாத்துகளிலும் கருநிறக் குஞ்சுகள் உண்டு. ஆதலின் நிறம் ஒன்றையே நம்பிவிடுதல் கூடாது. முகத்தையும் முதுகையும் கூர்ந்து நோக்க வேண்டும். காட்டு வாத்தின் குஞ்சில் கோடுகளும் திட்டுகளும் அச்சிட்டாற்போல இரு பக்கமும் ஒத்துத் திருத்தமாக இருக்கும். வளர்ப்புக் குஞ்சில் அவை மங்கியோ ஒழுங்கின்றியோ காணப்படும்.

மூன்றாம் சோதனை: எந்தக் காட்டு வாத்து?

இங்கேதான் நமக்கு ஒரு பெரும் வசதி கிடைக்கிறது. குளிர்காலத்தில் பழவேற்காட்டிலும் நம் ஏரிகளிலும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் ஊசிவால் வாத்தும், நீலச்சிறகியும், தட்டைவாயனும் விருந்தினரே. அவை ஐப்பசியை ஒட்டி வந்து, பங்குனி சித்திரைக்குள் வடக்கே திரும்பிவிடும். கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலுமே ஆகும். பட்டைத்தலை வாத்து திபெத்தையும் மங்கோலியாவையும் நாடும். ஆகவே நம் பக்கத்து ஏரியில் கிடைத்த குஞ்சு இவற்றுள் எதனுடையதாகவும் இருக்க முடியாது. எஞ்சியவை, இங்கேயே வாழ்ந்து இங்கேயே குஞ்சு பொரிக்கும் சில இனங்கள் மட்டுமே.

முதலாவது, சீழ்க்கைச் சிறகி. பறக்கும்போது சீட்டியடிப்பது போலக் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. மரப்பொந்திலோ, காகமும் கொக்கும் கைவிட்ட கூட்டிலோ, சில வேளை தரையிலோ முட்டையிடும். தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். 22 முதல் 24 நாட்களில் குஞ்சு வெளிவரும். அக்குஞ்சு கறுப்பு, கண்ணுக்கு மேலே வெண்மையான புருவம், பின்தலையில் வெண்மை, சிறகிலும் முதுகின் கடையிலும் வெண் திட்டுகள். இந்தக் கறுப்பு வெள்ளைக் கோலத்தை ஒருமுறை கண்டால் மறவோம்.

இரண்டாவது, புள்ளிமூக்கு வாத்து. இது நீரருகே புதரிலும் புல்லிலும் தரைமேல் கூடமைப்பது. ஏறத்தாழ 24 நாட்களில் குஞ்சு பொரிக்கும். குஞ்சின் மேற்புறம் கருமை, இடையிடையே மஞ்சள் திட்டு. முகம் மஞ்சள், கண்ணின் ஊடே ஒரு கருங்கோடு. வளர்ப்பு வாத்துக்கு மூதாதையான மல்லார்டு வாத்தின் குஞ்சும் இவ்வாறே இருப்பினும், புள்ளிமூக்கின் கண்கோடு அதனினும் அகன்றது. வளர்ப்புக் குஞ்சுடன் மிகுதியும் குழம்புவது இதுவே.

மூன்றாவது, குள்ளத் தாரா. உலகின் மிகச் சிறிய வாத்தினங்களுள் ஒன்று. இதற்கு 1789-இல் ஜெர்மானிய அறிஞர் க்மெலின் இட்ட விஞ்ஞானப் பெயரின் பிற்பகுதி 'கோரமண்டேலியானஸ்' என்பது. கோரமண்டலம் என்பது நம் சோழமண்டலக் கரைக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர் அன்றோ! இச்சிறு பறவை உலகம் முழுவதும் நம் கரையின் பெயரைச் சுமந்து திரிகிறது. அதன் குஞ்சு மேலே கருத்தும் கீழே வெளுத்தும், மிகச் சிறியதாய், அலகு குட்டையாய் இருக்கும். இதுவும் மரப்பொந்தில் பிறப்பது.

ஆண் பறவையின் அலகின்மேல் புடைப்புடைய செண்டு வாத்தும் இந்நாட்டிலேயே பொந்துகளில் குஞ்சு பொரிப்பதுதான். ஆயினும் நம் பக்கத்தில் மேற்கண்ட மூன்றையுமே மிகுதியாக எதிர்பார்க்கலாம்.

பொந்தில் பிறக்கும் குஞ்சுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிட்டுக்குருவிக் குஞ்சு கூட்டிலிருந்து விழுந்தால் எடுத்துக் கூட்டில் வைப்பது நலம். வாத்துக் குஞ்சோ விழுவதில்லை, குதிக்கிறது. பொரித்த ஓரிரு நாளில் தாய் கீழிருந்து அழைக்க, உயரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குதிக்கும். எடை குறைவு; உடல் முழுதும் பஞ்சுத் தூவி. ஆதலின் அடிபடுவதில்லை. பின்னர் தாயின் பின்னே நீருக்கு நடக்கும். அதனைப் பிடித்து மீண்டும் பொந்தில் வைத்தால் தாயும் மற்ற குஞ்சுகளும் போய்விட, அது அங்கேயே பட்டினியால் மடியும்.

மூன்று குஞ்சுகள்

ஏட்டில் கற்றதை ஏரிக்கரையில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை நேர்ந்தது. புரட்டாசி மாதம், எடகாரு என்று இங்குள்ளோர் கூறும் நெல் அறுவடையாகி, தாள் நின்ற வயல்களில் வாத்து மேய்ப்போர் கூடாரம் அடித்திருந்தனர். விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். மாலை மூன்று மணி இருக்கும். பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் இருவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தனர். உள்ளே பாதியளவு தண்ணீர். அதில் மூன்று குஞ்சுகள். வாத்து என்றால் நீந்தவேண்டும் என்பது சிறுவர் எண்ணம். அரைமணி நேரமாக அவை வாளியைச் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டே இருந்தன. ஏறி நிற்க இடமில்லை. இரண்டு உரக்கக் கத்தின. மூன்றாவது கழுத்தை நிமிர்த்த முடியாமல் மிதந்தது.

முதல் வேலையாக மூன்றையும் எடுத்துத் துணியால் ஒற்றி ஈரம் போக்கினேன். பிறகு உற்று நோக்கினேன். கறுப்பு உடல், வெண் புருவம், சிறகில் வெண் திட்டு. சீழ்க்கைச் சிறகியின் குஞ்சுகள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் சிறுவர்களின் தாயார், "மேய்ப்பவர்களின் வாத்தாகத்தான் இருக்கும், அவர்கள் மந்தையிலேயே விட்டுவிடு" என்று தெலுங்கில் கூறினார். நல்லெண்ணத்தோடு கூறிய யோசனை அது. கூடாரத்துக்குச் சென்று கேட்பது என்று முடிவாயிற்று.

மேய்ப்பவர்களுள் முதியவர் ஒருவர் தமிழர். கையிலிருந்த குஞ்சைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, இது நம்ம குஞ்சு இல்லே" என்றார். "எங்க வாத்து அடையே உட்காராது. கோழிக்கு வெச்சுப் பொரிப்போம்; இல்லேன்னா பொரிக்கிற இடத்துல வாங்குவோம். இத்தனை சின்னக் குஞ்சை வயலுக்கு யாரு ஓட்டுவா? மந்தையில விட்டா மிதிபட்டே செத்துடும். இதோட தாய் அந்த ஏரியிலதான் இருக்கும். பொழுது சாய்ஞ்சா சீட்டியடிக்கும், போய்க் கேளு."

நான் நிறம் கண்டு சொன்ன முடிவையே அவர் தொழில் கண்டு சொன்னார். வளர்ப்பு வாத்து பல தலைமுறைகளாக அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது என்று நான் நூலில் படித்திருந்தேன். அதிலிருந்து, பிறந்த குஞ்சு மந்தையில் இருக்கவியலாது என்ற முடிவுக்கு வருவதற்கு அவருடைய அனுபவம் வேண்டியிருந்தது.

சிறுவர்களை அழைத்துக்கொண்டு அவர்கள் குஞ்சு எடுத்த இடத்துக்கே சென்றேன். கோரை அடர்ந்த கரை, கரைமேல் பனைகள். உரக்கக் கத்திய இரு குஞ்சுகளை நீரோரம் கோரையருகில் விட்டுவிட்டு, ஐம்பது அறுபது அடி விலகி வரப்பின் மறைவில் அமர்ந்தோம். குஞ்சுகளின் கூக்குரல் நிற்கவில்லை. அதுவே நமக்கு நன்மை. தாயை அழைக்கும் குரல் அன்றோ அது! கதிரவன் மறைந்து சற்று நேரத்தில் பனைகளின் பக்கமிருந்து சீட்டி கேட்டது. இரண்டு பறவைகள் தாழப் பறந்து நீரில் இறங்கின. அவற்றுள் ஒன்று கோரையை நோக்கி வந்தது. குஞ்சுகள் இரண்டும் நீரின்மேல் ஓடுவதுபோல் விரைந்து சென்று அதனுடன் சேர்ந்தன. இருள் கவிந்ததால் அதற்குமேல் காண இயலவில்லை.

மூன்றாவது குஞ்சு வீட்டில் இருந்தது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அதனருகே வைத்து, உடல் சூடேறினால் விடியலில் கொண்டுபோய் விடலாம் என்று காத்திருந்தேன். விடியுமுன்னரே அது இறந்துவிட்டது. உணவின்மை அதனைக் கொல்லவில்லை, நோயும் கொல்லவில்லை. வாளித் தண்ணீரின் குளிர்ச்சியே கொன்றது.

நீர்ப்பறவை நீரில் ஏன் குளிர்கிறது?

'வாத்துக்குத் தண்ணீரால் சாவா?' என்று சிறுவர்கள் கேட்டனர். நீங்களும் கேட்கலாம். வளர்ந்த வாத்தின் இறகுகள் ஒன்றோடொன்று பின்னிக் காற்றைச் சிறைப்படுத்தியிருக்கும். வாலடியிலுள்ள சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து இறகெங்கும் பூசிக்கொள்ளும். ஆதலின் நீர் உட்புகாது. குஞ்சுக்கு இருப்பது தூவி மட்டுமே. அதன் எண்ணெய்ச் சுரப்பி இன்னும் நன்கு தொழிற்படத் தொடங்கவில்லை. தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கும் ஆற்றலும் முதிரவில்லை. ஏரியில் அது சிறிது நேரம் நீந்தும். பின் கரையேறித் தாயின் சிறகடியில் புகும். அங்கே ஈரம் உலரும்; வெப்பம் ஏறும்; தாயின் இறகு எண்ணெயும் அதன் தூவியில் படியும். வாளியில் கரையும் இல்லை, தாயும் இல்லை. எனவே நனைந்த தூவி நீரை ஏற்று, உடற்சூடு இறங்கி, குஞ்சு சோர்ந்துவிடுகிறது.

தாயைத் தேடும் முறை

காட்டுக் குஞ்சு என்று தெளிந்தபின் முதற் கடமை வளர்ப்பதன்று, தாயைத் தேடுவது. தாய்வாத்து எல்லா முட்டைகளையும் இட்டு முடித்த பின்னரே அடைகாக்கத் தொடங்கும். அதனால் குஞ்சுகள் ஏறத்தாழ ஒரே நாளில் வெளிவந்து ஒரே கூட்டமாகப் புறப்படும். வழியில் ஒன்றிரண்டு பின்தங்குவது இயல்பு. பின்தங்கிய குஞ்சு அநாதை அன்று.

குஞ்சுக்குக் காயமில்லை, நாயும் காகமும் அருகில் இல்லை என்றால், தொடாமல் தொலைவில் நின்று ஓரிரு மணி நேரம் கவனியுங்கள். அருகே நின்றால் தாய் வாராது. ஒரு வாத்து சிறகொடிந்தது போல நீரில் அடித்துக்கொண்டு உங்களை விட்டு விலகிச் செல்லுமாயின், அது நடிப்பு. உங்களைக் குஞ்சிடமிருந்து அகற்றச் செய்யும் சூழ்ச்சி. தாய் அங்கே இருக்கிறது என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேண்டா. குஞ்சு சாலையில் நின்றால் எடுத்து அருகிலுள்ள நீரோரப் புதரில் விடலாம். 'மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது' என்பது நாட்டில் வழங்கும் ஒரு கதை. கை பட்டதற்காகக் குஞ்சை ஒதுக்கும் வழக்கம் வாத்துக்கு இல்லை. வேறு வாத்தின் கூட்டத்தில் மட்டும் விடாதீர்கள். தன் குஞ்சல்லாததைத் தாய் கொத்தி விரட்டுவதும் உண்டு.

தாய் இறந்து கிடப்பதைக் கண்டாலோ, குஞ்சு காயமுற்றிருந்தாலோ, குளிர்ந்து துவண்டிருந்தாலோ, நெடுநேரம் காத்தும் தாய் வாராவிட்டாலோதான் எடுக்க வேண்டும்.

எடுத்தே தீரவேண்டுமாயின்

முதலாவது தேவை சூடு. ஒரு அட்டைப் பெட்டியில் பழந்துணியைப் பரப்புங்கள். வெறும் செய்தித்தாள் வழுக்கும். வழுக்கும் தரையில் குஞ்சின் கால்கள் விரிந்து ஊனமாகும். ஈரமான வைக்கோலும் கூடாது. அதில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். பெட்டியின் ஒரு கோடியில் மட்டும் நாற்பது வாட் குண்டு விளக்கைத் தொங்கவிடலாம். இன்று வீடுகளில் உள்ள எல்.இ.டி. விளக்கு ஒளி தருமே அன்றிச் சூடு தராது. குண்டு விளக்கு கிடைக்காவிடில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி போதும். முதல் வாரத்தில் விளக்கடியில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருப்பது நன்று. வெப்பமானி இல்லையெனினும் கவலையில்லை. குஞ்சு விளக்கை ஒட்டி ஒடுங்கி உரக்கக் கத்தினால் குளிர்கிறது. விலகி ஓடி வாய் திறந்து இரைத்தால் வெப்பம் மிகுந்துவிட்டது. அமைதியாய்ப் படுத்திருந்தால் சரியான அளவு. நம் ஊர் வெயிலில் பெட்டியை வெளியே வைத்தல் ஆகாது. சிறகிக் குஞ்சுகள் தாவி ஏறுவதில் வல்லவை. ஆதலின் மேலே வலையோ மெல்லிய துணியோ கட்டுக.

இரண்டாவது நீர். ஆழமற்ற தட்டில் கூழாங்கற்களை இட்டு நீர் ஊற்றுங்கள். அலகை மூழ்க்கி நாசித்துளையைக் கழுவிக்கொள்ளும் அளவு ஆழம் வேண்டும். உடல் மூழ்கும் ஆழம் வேண்டா. நீரின்றி உணவு வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது உணவு. பொரித்த ஓரிரு நாள் வரை வயிற்றுள் எஞ்சியிருக்கும் மஞ்சட்கருவே அதற்கு உணவாகும். ஆகவே முதல் நாள் உண்ணவில்லையே என்று வாயைத் திறந்து திணிக்காதீர்கள். பின்னர், மருந்து கலவாத கோழிக்குஞ்சுத் தீவனத்தை நீரில் நனைத்து வைக்கலாம். அவித்த முட்டையின் மஞ்சட்கரு, கொசுப்புழு, சிறு பூச்சி, குளத்துப் பாசி ஆகியன நல்லவை. இயற்கையில் குஞ்சுகள் முதல் வாரங்களில் மிகுதியும் உண்பது நீர்ப்பூச்சிகளையே. ரொட்டியும் பாலும் தருவது தீங்கு. பறவைக்குப் பால் செரிக்காது. ரொட்டி வயிற்றை நிரப்புமே தவிர உடலை வளர்க்காது. வெறுஞ்சோறும் அத்தகையதே. வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்து கோழிக் குஞ்சைவிட மிகுதியாகத் தேவை. அது குறைந்தால் கால் வளைந்து நடை தளரும். இதனாலேயே கோழித் தீவனத்தை ஓரிரு நாளுக்கு மட்டுமே நம்பலாம்.

குஞ்சைத் தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்துக் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டதை நாம் அறிவோம். ஓரிடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால் எதனையும் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பதே கடமை.

அன்பால் வரும் கேடு

'குஞ்சு என்னைத் தாயென்றே எண்ணுகிறது; எங்கு போனாலும் பின்னால் வருகிறது' என்று மகிழ்வோர் உண்டு. அம்மகிழ்ச்சிக்கு அடியில் ஒரு கேடு இருக்கிறது. 1873-இலேயே ஆங்கிலேயரான ஸ்பால்டிங் என்பார், கோழிக்குஞ்சு தான் முதலில் கண்ட அசையும் பொருளைப் பின்தொடர்வதை எழுதினார். ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸ் 1935-இல் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். அவர் கண்முன் பொரித்த காட்டு வாத்து இனக் குஞ்சுகள் அவரையே தாயாகக் கொண்டன. ஆனால் மல்லார்டுக் குஞ்சுகள் அவ்வளவு எளிதில் ஏமாறவில்லை. அவர் குந்தி நடந்து வாத்தைப் போல ஓயாது குரல் கொடுத்தபோதே பின்தொடர்ந்தன. 1973-இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவர் ஒருவர். பின்வந்த ஹெஸ் என்னும் அமெரிக்க அறிஞர், மல்லார்டுக் குஞ்சின் மனத்தில் இப்பதிவு மிக ஆழமாக விழுவது பொரித்த 13 முதல் 16 மணி நேரத்தில் என்று 1950-களில் அளந்து காட்டினார்.

காட்லிப் என்பாரின் ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு தன் குரலையும் உடன்பிறப்புகளின் குரலையும் கேட்கிறது. அவ்வாறு கேளாதபடி செய்யப்பட்ட குஞ்சு, பிறந்தபின் தன் இனத் தாயின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் பிரித்தறிவதில் தடுமாறியது. வீட்டினுள் ஒரு மொழியும் வெளியே வேறு மொழியும் கேட்டு வளர்ந்த எனக்கு, இச்செய்தி வெறும் தேர்வுப் பாடமாகத் தோன்றவில்லை.

மனிதனைத் தாயாகக் கொண்ட காட்டு வாத்து, மனிதனைக் கண்டு அஞ்சுவதில்லை. நாயையும் அஞ்சாது நெருங்கும். தன் இனத்தோடு சேர்வதற்குத் தயங்கும். வளர்ந்தபின் ஏரியில் விட்டால் வலை வைப்பவன் கையில் முதலில் சிக்குவது அதுவே. ஆகவே கொஞ்ச வேண்டா. மடியில் வைக்க வேண்டா. பேச்சுக் கொடுக்கவும் வேண்டா. குஞ்சு ஒன்றே ஒன்றாயின் பெட்டியில் ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். தன் உருவத்தையே துணையாக எண்ணி அமைதியுறும்.

சட்டமும் இதனையே கூறுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு வாத்துகளை அனுமதியின்றிப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கைக்கு வந்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் வனத்துறையினருக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவித்துவிட வேண்டும். நாயுடுபேட்டைப் பக்கத்தவர்க்கு நேலபட்டுச் சரணாலயத்து வன அலுவலர்கள் அருகில் உள்ளனர். திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேங்கடேசுவரா விலங்கியற் பூங்காவும் உள்ளன. நாம் மேலே கூறிய பணிவிடை எல்லாம் அவர்கள் கையில் ஒப்படைக்கும் வரைக்குமே.

நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் ஊர் ஏரியைச் சற்று நின்று நோக்குங்கள். கரைமேல் பொந்துடைய முதிய பனை நிற்கிறதா, கோரை எரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பொந்தும் கோரையும் இருக்கும் இடத்தில் தாய் இருக்கும். தாய் இருக்கும் இடத்தில் குஞ்சுக்கு நம் பெட்டியும் விளக்கும் தேவைப்படா. சிறுவர்கள் வாளியோடு எதிர்ப்பட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். வாளித் தண்ணீரை முதலில் கொட்டச் சொல்லுங்கள். குஞ்சின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, 'இதனை எங்கே எடுத்தீர்கள், காட்டுங்கள்' என்று கேட்டு அவர்களுடன் நடந்து செல்லுங்கள்.